கத்திரி வெயிலில் விடிகாலைத் தூண்டில் ஏன் ஏமாற்றுகிறது?

தூண்டில் போடுகிறவர்களுக்கு விடிகாலைதான் நல்ல நேரம் என்பது பழைய பாடம். புழல் ஏரி நிரம்பிக் கிடக்கும் தை, மாசியில் அது சரி. சித்திரை பிறந்து, தண்ணீர் இறங்கி, பச்சை கட்டிய பிறகும் அதையே நம்பி ஐந்து மணிக்குக் கரையில் உட்கார்ந்தால் ஏழரை வரை தக்கை அசையாது. மீன் இருக்கும். கண்ணெதிரே, மேல்மட்டத்தில், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும். மண்புழுவை மூக்குக்கு நேரே இறக்கினாலும் ஒதுங்கிப் போகும்.

வெயில்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஏது வெயில்? நாள் முழுக்கப் பார்த்தால் தண்ணீர் மிகவும் ஆறியிருக்கும் நேரமே அதுதான். சூடு நேராக மீனை மடக்குவது குறைவு. பகலில் ஏறிய சூடு இரவில் ஆக்சிஜனைத் தின்ன வைக்கிறது. அந்தத் தட்டுப்பாடு முற்றுவது கிழக்கு வெளுக்கும் வேளையில்.

வரவு கொஞ்சம் குறையும், செலவு எகிறும்

20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 6.9. உப்பு சேர்ந்தால் இன்னும் குறையும். 30 டிகிரி கடல் தண்ணீரில் 6.2தான்.  

இந்த எண்களை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். 20 டிகிரியிலிருந்து 35க்குப் போனால் குறைவது கால் பங்கு மட்டுமே. ஆனால் மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு என்று தனியாக எதுவும் கிடையாது. தண்ணீர் சூடானால் மீனும் சூடாகும். பத்து டிகிரி ஏறினால் அதன் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆக, வரவு கால் பங்கு குறையும் அதே நேரத்தில் செலவு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஏரிச் சேற்றில் வாழும் பாக்டீரியாவுக்கும் இதே கணக்குதான். ஆகாயத்தாமரைச் சருகு, கழிவுநீர், செத்த பாசி என்று அங்கே அவற்றுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை.

தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் ஒப்பீடு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 30 டிகிரி தண்ணீரில், அது நிறைவாகப் பிடித்து வைத்திருக்கும்போதுகூட, ஐந்து மில்லிலிட்டரை ஒட்டித்தான் இருக்கும். காற்றைவிடப் பல நூறு மடங்கு கனமான தண்ணீரைச் செவுள் வழியே தள்ளித் தள்ளி மீன் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். மூச்சு விடுவதற்கே அதற்குக் கூலி அதிகம்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் போதும், நிம்மதியாக மேயும். 3க்குக் கீழே வந்தால் இரை எடுப்பது நிற்கும். 2க்குக் கீழே மேலே வந்து வாய் பிளக்கும். 1க்குக் கீழே சில மணி நேரம் கிடந்தால் சாகும். ஜிலேபி மீன் (திலாப்பியா) இவற்றைவிடக் கெட்டி; அரை மில்லிகிராமிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

தூண்டில்காரர் கவனிக்க வேண்டிய எண் அந்த 3. பசி இருந்தும் மீன் ஏன் இரையைத் தொடுவதில்லை? விழுங்கிய இரையைச் செரிக்கவே ஆக்சிஜன் வேண்டும். வயிறு நிறைந்த மீன், ஓய்வில் இருப்பதைவிட அதிகமாக மணிக்கணக்கில் மூச்சு வாங்கும். பெருந்தீனி என்றால் இரண்டு மடங்கு வரைகூடப் போகும். மூச்சுக்கே திண்டாடும்போது அந்தச் செலவை மீன் ஏற்காது. அந்த நேரத்தில் தூண்டில்காரர் புழுவை மாற்றி மைதா உருண்டை, அதை மாற்றி மண்புழு என்று பரிசோதனை செய்வது வீண்வேலை.

பச்சைத் தண்ணீரின் ஒரு நாள்

ரெட்டேரி, கொரட்டூர் ஏரி மாதிரி ஊருக்கு நடுவே சிக்கிக்கொண்ட ஏரிகளில் சாக்கடை கொண்டுவரும் சத்தால் பாசி செழிக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்யும். மாலை மூன்று மணிக்கு மேல்மட்டத் தண்ணீரில் 12, 14 மில்லிகிராம் என்றுகூடக் காட்டும். அந்த வெப்பத்தில் தண்ணீர் இயல்பாகப் பிடித்து வைப்பதைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. சூரியன் விழுந்ததும் அதே பாசி கட்சி மாறிவிடும். உற்பத்தி நின்று, இரவு முழுக்க அதுவும் மூச்சு விடும். ஏரியில் இரவுச் செலவில் மீனின் பங்கு சிறிது. பாசியும் சேறும்தான் பெரும்பங்கைக் குடிக்கின்றன. மாலையில் 14 இருந்த இடத்தில் விடிகாலையில் 2 இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. ஏறி இறங்கும் இந்த வீச்சு எவ்வளவு பெரிதோ, ஏரி அவ்வளவு நோயாளி.

இதனால் பச்சை ஏரியில் கோடைக் கால அட்டவணையே மாறுகிறது. சூரியன் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, எட்டு மணி வாக்கில், மீன் மெல்ல மேய ஆரம்பிக்கும். பத்தரைக்கு மேல் கரையோரத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் மறுபடி ஒதுங்கும். அடுத்த நல்ல நேரம் கடல்காற்று வீசத் தொடங்கிய பிறகு: நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை. தண்ணீர் தெளிந்து, ஆழம் மிச்சமிருக்கும் ஏரியில் விடிகாலைப் பாடம் இன்னும் செல்லும். எந்த ஏரி எந்த ரகம் என்பதைத் தண்ணீரே சொல்லும்.

அதைக் கேட்கக் கருவி ஒன்று செய்துகொள்ளலாம். 20 சென்டிமீட்டர் அகல வெள்ளை பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்பகுதி இரண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கோத்து, அடியில் கனமான நட்டு ஒன்றைக் கட்ட வேண்டும். மூடியிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, மதகுப் படியிலோ கரையிலோ நின்று நேர்கீழாக இறக்கவும். கறுப்பும் வெள்ளையும் மறையும் இடத்தில் எத்தனை முடிச்சு உள்ளே போயிருக்கிறது என்று எண்ணவும். 40 முதல் 60 சென்டிமீட்டர் என்றால் ஏரி பரவாயில்லை. 30க்குக் கீழே என்றால், சேற்றுக் கலங்கலாக இல்லாமல் பச்சையாகவும் இருந்தால், விடிகாலைக்குப் போகாதீர்கள். சேற்றுக் கலங்கலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் மறைப்பது மண், பாசி இல்லை.

எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால் ரெட்டேரிக்குப் பக்கத்திலேயே கொளத்தூர் இருக்கிறது. கலர் மீன் கடைகளில் சொட்டு மருந்து மாதிரி வரும் ஆக்சிஜன் சோதனை கிட்டைக் கேட்டுப் பார்க்கலாம். கூடவே கண்ணாடி வெப்பமானி ஒன்று. வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பழைய மருந்து நிறத்தைக் குறைத்துக் காட்டும்.

மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர்

புழலின் முழு உயரம் 21.2 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. கோடையில் இதில் பாதிகூட இருக்காத ஆண்டுகள் உண்டு. 2019 கோடையில் ஏரி வறண்டே போனது. இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரில் அடுக்கு எங்கே உருவாகப் போகிறது என்று நினைப்பது தவறு. சூடான தண்ணீரில் ஒரு டிகிரி வித்தியாசமே பெரிய வித்தியாசம். 29 டிகிரித் தண்ணீருக்கும் 30 டிகிரித் தண்ணீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, 10க்கும் 11க்கும் உள்ளதைப் போல மூன்று மடங்கு. அதனால் காற்றில்லாத மே மாதப் பகலில், பத்தடித் தண்ணீரில் மேலே 34, கீழே 30 என்றாலே மேல் தண்ணீர் எண்ணெய் மாதிரி மிதக்கும். மேலே பாசி தயாரிக்கும் ஆக்சிஜன் கீழே இறங்காது. கீழே சேறு தனக்குக் கிடைத்ததைக் குடித்துத் தீர்த்துவிடும்.

அடியில் என்ன நிலை என்று தூண்டிலாலேயே பார்த்துவிடலாம். ஈயக் குண்டை மட்டும் கட்டித் தரையில் பத்து நிமிடம் கிடக்க விட்டு இழுத்து முகர்ந்து பாருங்கள். குண்டில் ஒட்டிய சேறு பழுப்பாக இருந்தால் அடியில் உயிர் இருக்கிறது. மையைப் போலக் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. அடியில் மேயும் மிர்கால்கூட அங்கே தங்காது. அப்போது தரை இரை போடுவதை விட்டுவிட்டு, தக்கையை நகர்த்தி முள் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் தொங்கும்படி வையுங்கள். பத்தடித் தண்ணீரில் கோடை மீன் அந்தப் பட்டைக்குள்தான் சுற்றும்.

அடுக்கைக் கலைப்பது காற்று. வட சென்னைக்கு இதில் ஒரு கொடுப்பினை: கடல் பக்கத்திலேயே. மதியத்தை ஒட்டிக் கடல்காற்று வந்துவிட்டால் அலை கிளம்பி, தண்ணீர் கலந்து, ஆக்சிஜன் கீழே இறங்கும். மேற்கிலிருந்து கச்சான் பலமாக அடித்துக் கடல்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாட்களில் ஊரே வேகும். ஏரியும் அடுக்கு கட்டிக்கொள்ளும். கடல்காற்று வந்த மாலைகளில் அலை போய் மோதும் மேற்குக் கரை நல்ல இடம். ஆனால் நீலப்பச்சைப் பாசி ஆடையாகப் படர்ந்த ஏரி என்றால் அந்த ஆடையும் அதே கரையில்தான் ஒதுங்கும். மாலையில் அங்கே போடலாம், இருட்டிய பிறகு வேண்டாம்.

பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கும் நாட்களில் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. வரத்துக் கால்வாய் வாயில் புரண்டு விழும் தண்ணீர் காற்றை வாரிக்கொண்டு வரும். மீன் அங்கே கூடும். புழலும் சோழவரமும் குடிநீர் ஏரிகள், மீன்பிடி உரிமையும் ஏலக் குத்தகையும் உள்ள இடங்கள் என்பதால் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். கால்வாய் வாய் இழுப்பும் ஆபத்தானது.

காற்றுக் குடிக்கும் மீன்கள்

ஆக்சிஜன் குறைந்த ஏரியில் எல்லா மீனும் ஒரே மாதிரி கஷ்டப்படுவதில்லை. விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை செவுளோடு காற்றையும் நேரடியாகக் குடிக்கும் உடலமைப்பு கொண்டவை. வளர்க்கத் தடை செய்யப்பட்டும் ஏரிகளில் பரவிவிட்ட ஆப்பிரிக்கன் கெளுத்தியும் அப்படியே. கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பி வந்த டேங்க் கிளீனர் மீன் இரைப்பையாலேயே காற்றை உறிஞ்சும். கட்லா வாய் பிளக்கும் காலையில் இவை சாவகாசமாகத் திரியும். நாறும் ஏரிகளில் வலை நிறைய டேங்க் கிளீனராக வருவது தற்செயலில்லை. மூச்சு முட்டி மற்ற மீன்கள் போன இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

ஆகவே விடிகாலையை விட மனமில்லாதவர்கள் விராலுக்குப் போகலாம். ஆகாயத்தாமரை ஓரம், கோரை இடுக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'பொளக்' என்று ஒரு சத்தம். அது மூச்செடுக்க வந்த விரால். வந்த இடத்துக்கு இரண்டடி தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு மெதுவாக இழுக்க வேண்டும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே துள்ளினால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த விராலைப் பிடித்தால் மொத்தக் கூட்டமும் போச்சு. அதை விட்டுவிடுவதே நியாயம்.

விராலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேலே வர முடியாமல் போனால் அது மூச்சு முட்டிச் சாகும். அடித் தண்ணீரில் கட்டிய செவுள் வலையில் மாட்டிய விரால் ஒரு மணி நேரம் கழித்துப் பிணமாக வருவது இதனால்தான். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்டால், இந்த மீன் சாகும்.

பிடித்த பிறகு

கோடையில் வலையை இரவு கட்டி விடிகாலை எடுக்கும் வழக்கம் பாதிச் சரக்கைக் கெடுக்கும். 30 டிகிரித் தண்ணீரில் நள்ளிரவில் செத்த மீன் விடிவதற்குள் வயிறு ஊதி, செவுள் வெளுத்துவிடும். இரண்டு மணிக்கொரு தரம் வலையைத் தூக்கிப் பார்க்க முடியாதென்றால் மாலை நான்கிலிருந்து எட்டு வரை மட்டும் கட்டுவது மேல்.

பக்கெட்டில் உயிரோடு வைப்பவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 32 டிகிரித் தண்ணீர் 20 லிட்டரில் இருக்கும் மொத்த ஆக்சிஜன் 146 மில்லிகிராம். ஒரு கிலோ கெண்டை அந்தச் சூட்டில் மணிக்குச் சுமார் 300 மில்லிகிராம் செலவழிக்கும். இழுபட்டுக் களைத்த மீன் இன்னும் அதிகம். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது திணறும் என்பதால் உண்மையில் பயன்படுவது நூற்றுச் சொச்சம்தான். இருபது நிமிடத்தில் கதை முடிந்தது. பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வைத்தால் நேரம் நீளும். இல்லையென்றால் பிடித்தவுடன் கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, மீனும் நொறுக்கிய ஐஸும் கிலோவுக்குக் கிலோ என்று அடுக்கிவிட வேண்டும். வெகுநேரம் போராடி, மூச்சு முட்டிச் செத்த மீன் சீக்கிரம் விறைத்துச் சீக்கிரம் தளரும். குழம்பில் சதை கரைந்துபோகும்.

திரும்ப விடப்போகும் குட்டி மீனுக்கு மெல்லிய தங்கூஸ் (நைலான் நரம்பு) வேண்டாம். 0.35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போட்டு, இரண்டு நிமிடத்துக்குள் கரைக்கு இழுத்து, ஈரக்கையால் பிடித்து, முழங்கால் ஆழத்தில் விடுங்கள். கரை விளிம்பில் கணுக்கால் தண்ணீர் 36, 37 டிகிரி இருக்கும். அங்கே விட்டால் நீந்திப் போவது போலத் தெரியும், அரை மணியில் கவிழும்.

கோடையில் கைவிட வேண்டிய இன்னொரு பழக்கம், மீனைக் கூட்டத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் அள்ளி அள்ளி வீசுவது. தின்னாமல் அடியில் அழுகும் ஒரு கிலோ தீனி ஏறக்குறைய ஒரு கிலோ ஆக்சிஜனைக் குடிக்கும். 32 டிகிரித் தண்ணீரில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்க வேண்டுமானால் 1,37,000 லிட்டர் வேண்டும்: 12,000 லிட்டர் தண்ணி லாரி பதினொன்று. ஒரு கை உருண்டை போதும்.

மீன் செத்து மிதக்கும் காலை

பெருஞ்சாவு வருவது பெரும்பாலும் வெயில் உச்சத்தில் இருக்காது. மூன்று நாள் கொளுத்தி, அடுத்த இரண்டு நாள் மேகம் மூடி, இரவில் கோடை மழை கொட்டிய பிறகு வரும். மேகத்தில் பாசிக்கு வெளிச்சம் இல்லை, உற்பத்தி இல்லை. குளிர்ந்த மழைத்தண்ணீர் கனமாக அடியில் இறங்கி, ஆக்சிஜனற்ற கறுப்புத் தண்ணீரை மேலே புரட்டும். தெருச் சாக்கடையில் மாதக்கணக்கில் தேங்கியது அத்தனையும் முதல் மழையில் ஏரிக்குள் இறங்கும். முந்தின நாள் பச்சையாக இருந்த ஏரி ஒரே இரவில் பழுப்பாக மாறினால் பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று பொருள். அடுத்த விடியல் மோசமாக இருக்கும்.

அம்மோனியாவும் கூட்டுச் சேரும். கழிவுநீர் ஏரியில் அது எப்போதும் இருப்பதுதான். ஆனால் அதில் மீனைக் கொல்லும் பங்கு தண்ணீரின் காரத்தன்மையோடு ஏறும். 30 டிகிரியில் பி.ஹெச் (காரத்தன்மையைச் சொல்லும் எண்) 8 என்றால் விஷப்பங்கு 7 அல்லது 8 சதவீதம்; 9 என்றால் 45 சதவீதத்தை ஒட்டி. பாசி மும்முரமாக வேலை செய்யும் மாலையில் பி.ஹெச் 9 தொடுவது சாதாரணம். விடிகாலையில் மூச்சுத்திணறல், மாலையில் அம்மோனியா என்று மீனுக்கு இரண்டு பக்கமும் இடி.

காப்பாற்ற முடிந்த சிறு ஏரி, குளம் என்றால் துடுப்புச் சக்கர ஏரேட்டரையோ, தண்ணீரை உறிஞ்சி வானத்தில் சிதறவிடும் பம்பையோ இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தொடங்கி வெயில் ஏறும் வரை ஓட்ட வேண்டும். பச்சைத் தண்ணீரில் மாலை மூன்று மணிக்கு ஓட்டினால் இருக்கும் உபரி ஆக்சிஜன்தான் காற்றில் போகும். உறிஞ்சு குழாயைச் சேற்றுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். சேறு கிளறினால் மருந்தே விஷம். இடுப்பளவுத் தண்ணீரில் விடிகாலை இழுவை வலை போடுவதும் இதே தவறு. வலையில் வந்தது வரவு, கலங்கிய சேற்றில் மிச்சம் செத்தது நஷ்டம்.

சாவுக்கு ஆக்சிஜன் குறைவு காரணமா, யாராவது கொட்டிய ரசாயனமா என்று சண்டை வரும். கரையில் கிடப்பதைப் பார்த்தே பாதி சொல்லலாம். மூச்சுத்திணறலில் பெரிய மீன் முதலில் சாகும், குட்டி பிழைக்கும். வாய் பிளந்து செவுள் மூடி விரிந்திருக்கும். விராலும் டேங்க் கிளீனரும் தப்பித்திருக்கும். விஷம் என்றால் குட்டிதான் முதலில், விராலும் சேர்ந்து மிதக்கும், தவளையும் நத்தையும்கூட. இரண்டிலும் மிதந்த மீனைப் பொறுக்கிச் சமைக்கக் கூடாது.

மீதிப் பாதிக்குத் தண்ணீரைச் சோதனைக்குப் பிடிக்க வேண்டும், அதுவும் நேரத்தோடு. புகார் போய், ஆள் வந்து, பதினொரு மணிக்குக் குடுவையில் பிடித்தால் அதற்குள் வெயிலில் பாசி வேலையைத் தொடங்கியிருக்கும். ஆக்சிஜன் 6 இருக்கிறது, ஏரி நலமாக உள்ளது என்று தாளில் ஏறிவிடும். சோதனைத் தண்ணீர் விடிகாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், மூடி போடும்போது குமிழி தங்காமல், 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்கப்பட வேண்டும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட் கரைசல் 2 மில்லிலிட்டர், காரம் கலந்த அயோடைடு கரைசல் 2 மில்லிலிட்டர் விட்டு மூடிக் கவிழ்த்துக் குலுக்கினால் ஆக்சிஜன் அந்த இடத்திலேயே கட்டுப்பட்டுவிடும். பிறகு ஆய்வகத்தில் அளந்துகொள்ளலாம். அளப்பதற்கு முன்பே கண்ணுக்கு விடை தெரியும். ஆக்சிஜன் இருந்தால் அடியில் படியும் வண்டல் பழுப்பு நிறம், நிறைய இருந்தால் அடர் பழுப்பு. பால் மாதிரி வெள்ளையாகவே நின்றுவிட்டால் அந்தப் பாட்டிலில் ஆக்சிஜன் இல்லை.